பயித்தங்காய் மானுக்கு, மீன் பொரியல் மகனுக்கு

2024 ஜூன் 9, காலை (எங்கட திருகோணமலை, பாலையூற்றில இருந்து ஒரு தாய் கேட்டது)

மகளுக்கு மூன்றரை வயசு. சோறும் மீன் பொரியலும் எண்டா சத்தமில்லாம சாப்பிடுவாள், நூடில்ஸ் எண்டா கோப்பையையும் நக்குவாள். சோத்துக்குள்ள ஒரு துண்டு போஞ்சியோ கரட்டோ கிடந்தா எப்பிடியோ கண்டுபிடிச்சு நாக்கால தள்ளி வெளிய விடுறாள். போன குடுத்து தீத்தினா அஞ்சாறு வாய் போகுது, சார்ஜ் முடிஞ்சா வாயும் மூடிடும். மாமி சொல்றா மீன் தின்னுற பிள்ளைக்கு மரக்கறி எதுக்கு, நாங்க வளரல்லையா எண்டு. வெருட்டி சாப்பிட வைக்க மனமில்ல. அரைச்சு கலந்து குடுக்கலாமா? உங்கட வீட்டில என்ன செய்தீங்க?

2024 ஜூன் 9, இரவு (என்ட பதில்)

போன நிப்பாட்டுங்க. தீத்துறதையும் நிப்பாட்டுங்க. மாமியோட வாதாடாதீங்க, அது வேற கதை. மிச்சத்த நாளைக்கு எழுதுறன், மகன் இப்பத்தான் படுத்தவன்.

ஜூன் 11

நாளைக்கு எண்டு சொல்லி ரெண்டு நாளாச்சு. கடையில ஆள் இல்ல.

என்ட மகனுக்கு இப்ப நாலு வயசும் ரெண்டு மாசமும். ரெண்டு வயசு வரைக்கும் எதக் குடுத்தாலும் தின்ட பிள்ளை, பருப்போட பசளி கடைஞ்சு குடுத்தா வாய ஆ எண்டு வச்சுக்கொண்டு இருப்பான். ரெண்டரையில ஒரு நாள் எல்லாத்தையும் நிப்பாட்டினான். நாங்க பயந்து போனம், வயித்தில பூச்சியோ எண்டு மருந்தும் குடுத்தது. பிறகு கிளினிக்கில மிட்வைப் அக்கா சொன்னா, ரெண்டு வயசுக்கும் ஆறு வயசுக்கும் இடையில கனக்க பிள்ளைகள் இப்பிடித்தான், பழக்கமில்லாதத கண்டா பயம் எண்டு. யோசிச்சுப் பாத்தா அதில ஒரு ஞாயமும் இருக்கு, நடக்கப் பழகின பிள்ளை வேலியில கிடக்கிற இலை காயெல்லாம் வாயில போட்டா என்ன ஆகும்.

மனிசிக்கு டியூட்டி எண்டா மத்தியானம் நான்தான் கடைய பூட்டிட்டு வந்து சாப்பாடு குடுக்கிறது. ஒரு நாள் பூசணிக்காய் பால்கறி. ஒரு வாய், ஒரே ஒரு வாய், அப்பாக்காக ஒரு வாய் எண்டு கெஞ்சி, பிறகு மாமா போலீஸ் வாறார் எண்டு வெருட்டி, ஒரு துண்ட வாய்க்குள்ள வச்சிட்டன். வெற்றி எண்டு நினைச்சு கோப்பைய கழுவிட்டு வந்து அவன படுக்க வச்சன். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு பாத்தா ஒரு பக்க கன்னம் வீங்கினமாதிரி கிடக்கு, பல்லுக்கொதியோ எண்டு விரல விட்டா அந்தப் பூசணித் துண்டு அப்பிடியே முழுசா இருக்கு. விழுங்கவும் இல்ல, துப்பவும் இல்ல, வச்சுக்கொண்டே நித்திரை. தொண்டைக்குள்ள போயிருந்தா? எனக்கு கை நடுங்கிச்சு. அண்டைக்கு விட்டதுதான் "ஒரு வாய்".

அதுக்குப் பிறகு எங்கட வீட்டில ஒரு சட்டம். எலின் சாட்டர் எண்டு ஒரு அமெரிக்க போசணை நிபுணர் சொன்னது. என்ன சமைக்கிறது, எத்தினை மணிக்கு, எங்க இருந்து சாப்பிடுறது, இதெல்லாம் பெரியாக்களிட வேலை. சாப்பிடுறதா இல்லையா, எவ்வளவு, அது பிள்ளையிட வேலை. வாசிக்க சின்ன விசயம், செய்யேக்க பல்லக் கடிச்சுக்கொண்டு இருக்கவேணும். முதல் கிழமை முழுக்க வெறும் சோறும் மீனும்தான் சாப்பிட்டான், பயித்தங்காய் கறிய கோப்பையோட தூக்கிக்கொண்டு போய் கேற்றுக்கு வெளிய கொட்டினான். எங்கட வீடு கோட்டைப் பக்கம், அந்தப் பக்கம் மான் மாடு மாதிரி றோட்டில திரியும், தெரியும்தானே. மான் வந்து தின்டிச்சு. "அப்பா, மானுக்கு பசி" எண்டான். மனிசி சிரிச்சா. எனக்கு சிரிப்பு வரல்ல, நான் அரிஞ்ச பயித்தங்காய். (மானுக்கு எங்கட சாப்பாடு குடுக்கிறதும் கூடாது, உப்பும் தூளும், பொலித்தீனும் சேந்து போகும். அதையும் அவனுக்கு சொல்லவேண்டி வந்தது.)

எவ்வளவு வேணும் எண்டும் கேப்பீங்க. உலக சுகாதார நிறுவனம் 2023ல சொன்னது: 2 தொடக்கம் 5 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 250 கிராம் மரக்கறி.

ஜூன் 12

பிழை. நேத்து எழுதினத திருத்திறன். 250 கிராம் மரக்கறி மட்டும் இல்ல, மரக்கறியும் பழமும் சேத்து. காலமை கடைத் தராசில போட்டு நிறுத்துப் பாத்தனான், ஒரு மேசைக்கரண்டி பூசணிக்காய் கறி 15 கிராம் வருது. 250ம் மரக்கறி எண்டா பதினாறு பதினேழு கரண்டி, என்னாலயே ஏலாது. ஒரு கொய்யாப்பழமும் ஒரு கீத்து பப்பாசியும் தின்டா அரைவாசி தூரம் போயாச்சு. பாலையூற்று தங்கச்சி, நேத்து ராத்திரி என்ட கணக்கப் பாத்து நீங்க அழுதிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க.

ஆனா ஒரு கெட்ட செய்தி. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில இல்ல. மரவள்ளியும் இல்ல, வத்தாளைக்கிழங்கும் இல்ல, அதெல்லாம் மாச்சத்துக்காரர், சோத்தோட சேத்தி. என்ட மகன் அதுவரைக்கும் தின்ட ஒரே "மரக்கறி" உருளைக்கிழங்கு பொரியல்தான்.

ஜூன் 20

எத்தினை தரம் குடுத்தா ஒரு மரக்கறி பிள்ளைக்குப் பழகும் எண்டு கேட்டிருந்தீங்க. பொதுவா 8, 10 தரம் எண்டினம், சில பிள்ளைக்கு 15 தரமும் போகும். எங்கட ஆக்கள் ரெண்டாம் தரமே "இவனுக்கு இது பிடிக்காது" எண்டு முத்திரை குத்திடுவம், அதையும் பிள்ளைக்கு முன்னால. அவனும் அதப் பிடிச்சுக்கொண்டு எனக்கு பிடிக்காது எண்டு ஆக்களுக்கு சொல்லித் திரிவான்.

நான் குசினிக் கதவில ஒரு தாள் ஒட்டி பயித்தங்காய் வைக்கிற நேரமெல்லாம் ஒரு கோடு போட்டன். பதினாலு கோடு வந்தும் ஒண்டும் நடக்கல்ல. ஆராய்ச்சியாவது மண்ணாங்கட்டியாவது எண்டு தாளக் கிழிச்சன். பிறகுதான் வடிவா வாசிச்சன், 1980களில லீயன் பர்ச் எண்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர் செய்த பரிசோதனையள். ரெண்டு வயசுப் பிள்ளைகளுக்கு புதுச் சாப்பாடு சிலதை 2 தரம், சிலதை 5, 10, 15, 20 தரம் எண்டு குடுத்துப் பாத்திருக்கினம், கூடத் தரம் ருசி பாத்ததத்தான் பிள்ளைகள் கூட விரும்பினதுகள். அடுத்த பரிசோதனை இன்னும் முக்கியம்: கண்ணால பாக்கிறதால மட்டும் ருசி பழகாது, நாக்கில படவேணும். விழுங்கவேணும் எண்டில்ல, நக்கிப் பாத்து துப்பினாலும் கணக்குத்தான். அப்ப என்ட பதினாலு கோட்டில உண்மையா நாக்கில பட்டது மூண்டோ நாலோ. மிச்சம் மானுக்கு பட்டது.

அதால இப்ப கோப்பைக்குப் பக்கத்தில ஒரு சின்ன கிண்ணம், துப்புறதுக்கு. என்ட மாமிக்கு சரியான அருவருப்பு. ஆனா துப்பலாம் எண்டு தெரிஞ்சபிறகுதான் அவன் துணிஞ்சு வாயில வைக்கத் தொடங்கினவன்.

ஜூன் 21

மானுக்கு எத்தினை தரத்தில பழகிச்சு எண்டு ஒராள் கேட்டிருக்கார். முதல் தரத்திலயே, ஐயா.

ஜூலை 3

அரைச்சு மறைக்கிறது. நானும் செய்தனான், மறைக்க என்ன இருக்கு. கரட்ட துருவி இடியப்பத்தோட, கீரைய அரைச்சு தோசை மாவில. போகும். ஒரு கிழமை போச்சு. ஒரு நாள் தோசைக்குள்ள ஒரு கீரை நார் பல்லில மாட்டிச்சு, இழுத்து வெளிய எடுத்து என்ட முகத்தப் பாத்தான் பாருங்க, அப்பிடி ஒரு பார்வை. அதுக்குப் பிறகு ஒரு மாசம் தோசையும் இல்ல. மரக்கறி பழக்கப் போய் தோசையையும் துலைச்சது.

ஆனா மறைக்கிறது வேற, சேத்துச் சமைக்கிறது வேற. கீரைப் பிட்டு எங்கட சாப்பாடுதானே, முருங்கை இலைய மாவோடயும் தேங்காய்ப்பூவோடயும் போட்டு குழைச்சு அவிக்கிறது. அது பச்சையா கிடக்கு, பாத்தாலே தெரியும், ஆரும் ஆரையும் ஏமாத்தல்ல. மகன நீத்துப்பெட்டிக்குள்ள மாவ அள்ளிப் போட விட்டன், பாதி நிலத்தில. அவிஞ்சு வரேக்க "நான் செய்த பிட்டு" எண்டு மூண்டு பிடி தின்டான், இலைய பொறுக்கி எடுத்தது பாதி, எடுக்காம விட்டது பாதி. எனக்கு அந்தப் பாதி காணும்.

இன்னொண்டு, தேங்காய்ப்பால கண்டு பயப்படாதீங்க. பூசணி, கரட், கீரையில இருக்கிற விற்றமின் ஏ சத்து உடம்பில சேர கொஞ்சம் கொழுப்பு வேணும். அவிச்சு வெறுமனே குடுக்கிறதவிட பால்கறி நல்லம், ருசியும் வரும். கீரைச் சுண்டலுக்கு கடைசியில தேசிக்காய் புளி விடுறதும் சும்மா இல்ல, கீரையில இருக்கிற இரும்புச்சத்த உடம்பு இழுக்க அது உதவி. சாப்பிட்ட கையோட பிளேன்டீ குடுத்தா நேர் எதிர். எங்கட ஊரில பாண நனைச்சு பிளேன்டீ குடுக்கிறது ஒரு வயசிலயே தொடங்கிடும், அதப் பற்றி கதைச்சா அம்மம்மாமார் எல்லாரும் என்னோட கோவிப்பினம், விட்டிடுறன்.

பச்சைக் கரட்ட துண்டு துண்டா வெட்டி சின்னப் பிள்ளையிட கையில குடுக்கவேணாம். தொண்டையில போய் இறுகும். துருவுங்க, இல்லாட்டி அவியுங்க.

ஜூலை 14

கச்சான் காத்து அடிக்குது, கடைக்குள்ள முழுக்க மண். எழுத மனமில்லாமத்தான் இருந்தன், ஆனா "மரக்கறி விலைக்கு எங்க போறது, பிள்ளை துப்புறதுக்கா வாங்கிறது" எண்டு ஒராள் எழுதியிருக்கிறா. அது நியாயமான கேள்வி. கரட், லீக்ஸ், கோவா எல்லாம் நுவரெலியாவில விளைஞ்சு தம்புள்ளைக்கு வந்து, அங்க இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல லொறியில இங்க வரவேணும். வந்து சேரேக்க அதுக்கும் களைப்பு, விலைக்கும் கால் முளைச்சிடும். படத்தில இருக்கிற ப்ரொக்கோலிய பாத்திட்டு பிள்ளைக்கு அது இல்லையே எண்டு கவலைப்படுற ஆக்களும் இருக்கினம். முருங்கை மரம் இல்லாத வளவு எங்க இருக்கு? நானும் சந்தைக் காசு மிச்சம் எண்டு ஒரு சாக்கில பசளி நட்டன், வேலியில ஏத்தி விட்டன், மகன்தான் தண்ணி ஊத்திறவர். தன்ட கொடி எண்டு அதில ஒரு இலைய பிச்சு பச்சையா தின்டு பாத்து, வழுவழு எண்டுது எண்டு துப்பினார். துப்பினதும் கணக்குத்தானே, நான் ஒண்டும் சொல்லல்ல.

மூண்டு கிழமை நல்லா வந்தது. முந்தநாள் ராத்திரி கேற்ற பூட்ட மறந்திட்டன். காலமை எழும்பிப் பாத்தா வேலியில வெறும் தண்டு.

மகன் அழுதான். மரக்கறிக்காக அவன் அழுததை வாழ்க்கையில முதல் தரம் பாத்தன். மனிசி சொல்றா இதையும் தாளில ஒரு கோடு போடுங்கோ எண்டு.

ஓகஸ்ட் 5

நேத்து ஆடி அமாவாசை. அப்பா இல்லாத ஆக்களுக்கு விரதம், எனக்கு இது ஆறாவது வருசம். கடல்ல தீர்த்தமாடிட்டு வந்து பத்து மரக்கறியோட சாப்பாடு, அதில காத்தோட்டிக்காய் இருக்கவேணும். தெரியாத ஆக்களுக்கு: கசப்பு. பாவக்காய் இதுக்கு முன்னால இனிப்புப் பண்டம். அம்மா வட்டம் வட்டமா வெட்டி பொரிச்சு வாழையிலையில ஓரமா நாலு துண்டு வச்சா.

மகன் எனக்கு எதிர இருந்தவன். நான் முதல் துண்ட வாயில போட்டன், முகம் கோணிப்போச்சு, எவ்வளவு அடக்கியும் ஒரு கண் தானா மூடிச்சு. அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். ஏன் அப்பா சாப்பிடுறீங்க எண்டான். அப்பப்பாக்காக எண்டன். கொஞ்ச நேரம் இலையப் பாத்துக்கொண்டு இருந்தவன் எழும்பி வந்து என்ட இலையில இருந்தே ஒரு துண்டு எடுத்தான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல, அம்மா வாய் திறக்கப் போக நான் கண்ணால காட்டினன். கடிச்சான். ரெண்டு கண்ணும் மூடிச்சு, தோள் ரெண்டும் காதுக்கு மேல போச்சு, நாக்க வெளிய நீட்டி விசிறினான். துப்பல்ல. விழுங்கிட்டு தண்ணி குடிச்சிட்டு மற்றக் கைய நீட்டினான், இன்னொரு துண்டுக்கு.

ராத்திரி கேக்கிறான், "அடுத்த கசப்பு எப்ப?"

பிள்ளைகளுக்கு கசப்பு எங்களவிட கூடத் தெரியும், அதிலயும் சில ஆக்களுக்கு கசப்ப உணர்ற ஜீனே வேற மாதிரி, அவைக்கு கோவாவும் பாவக்காய் மாதிரித்தான் இருக்கும். அது உண்மை. ஆனா பதினாலு கோடு போட்டும் நடக்காதது ஏன் நேத்து நடந்தது எண்டுதான் இண்டைக்கு முழுக்க கடையில யோசிச்சுக்கொண்டு இருந்தன், ஒராளுக்கு மிச்சக் காசும் கூடக் குடுத்திட்டன்.

ஓகஸ்ட் 8

ஜூன் 9ந் தேதி தீத்துறத நிப்பாட்டுங்க எண்டு எழுதினன். அத பாதி வாபஸ் வாங்கிறன்.

விரதத்துக்கு வந்த தங்கச்சியிட பிள்ளைகள் ரெண்டும் இங்கதான் நிக்குதுகள். நேத்து ராத்திரி கரண்ட் இல்ல. அம்மா ஒரு பெரிய சட்டிக்குள்ள மிஞ்சின சோறு, பருப்பு, கீரை, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாத்தையும் போட்டு குழைச்சு முத்தத்தில இருந்தா. மூண்டு பிள்ளையளும் சுத்தி இருந்து கைய நீட்ட ஒவ்வொரு கையிலயும் ஒரு உருண்டை. ஆர் எத்தினை தின்டது எண்டு ஒருத்தரும் எண்ணல்ல. கதை சொல்லிக்கொண்டு போறா, கை தன்ட பாட்டில உருட்டுது, பிந்தினா உருண்டை மற்றவனுக்கு போயிடும். என்ட மகன் ஆறு உருண்டை. கத்தரிக்காயோட! நானும் அப்பிடித்தான் வளந்தனான், எப்ப மறந்தன் எண்டு தெரியல்ல.

அப்ப பிரச்சினை தீத்துறது இல்ல. ஒரு பிள்ளைய கதிரையில இருத்தி, மூண்டு பெரியாக்கள் சுத்தி நிண்டு, அதிட வாயையே பாத்துக்கொண்டு இருக்கிறமே, அது. 2006ல அமெரிக்காவில ஒரு ஆய்வு, 3 தொடக்கம் 5 வயசுப் பிள்ளைகளுக்கு ரெண்டு வகை சூப், ஒண்டுக்கு "சூப்ப குடிச்சு முடியுங்கோ" எண்டு சொல்லிக்கொண்டே இருந்திருக்கினம், மற்றதுக்கு பேசாம விட்டிருக்கினம். பேசாம விட்ட சூப்பத்தான் பிள்ளைகள் கூடக் குடிச்சதுகள், முடிக்கச் சொன்ன சூப்ப பற்றி குறையும் கூடச் சொன்னதுகள். போன் மட்டும் கூடவே கூடாது, அதில நான் மாறல்ல. வாயில என்ன இருக்கு எண்டே தெரியாம விழுங்கிற பிள்ளைக்கு எந்த ருசி பழகும்.

ஓகஸ்ட் 19

பாலையூற்று தங்கச்சி எழுதியிருக்கிறா, மாமி பேத்திக்கு "வெண்டிக்காய் தின்டா சொக்லேட்" எண்டு தொடங்கிட்டாவாம், மூண்டு நாள் வேலை செய்ததாம், நாலாம் நாள் பிள்ளை முதல்ல சொக்லேட் எண்டு கேக்குதாம். வேற என்ன கேக்கும்? வெண்டிக்காய் தண்டனை, சொக்லேட் விடுதலை எண்டு நீங்களே சொல்லிக் குடுத்தாச்சு.

பரிசே கூடாது எண்டு எழுதத்தான் வந்தனான். ஆனா அதுவும் முழுசாச் சரியில்ல. 2011ல வந்த ஒரு லண்டன் ஆய்வில 4 தொடக்கம் 6 வயசுப் பிள்ளைகளுக்கு பிடிக்காத ஒரு மரக்கறிய 12 நாள் ஒரு துண்டு ருசி பாக்கக் குடுத்து, பாத்தா ஒரு ஸ்டிக்கர். சும்மா நல்ல பிள்ளை எண்டு பாராட்டின கூட்டமும் இருந்தது. மூண்டு மாசத்துக்குப் பிறகும் அந்த ரெண்டு கூட்டமும் கூடச் சாப்பிட்டதுகள். அப்ப ஒரு ஸ்டிக்கர் பிழையில்ல, தின்னுற சாமான பரிசா குடுக்கிறதுதான் கரைச்சல். நானும் ஸ்டிக்கர் வாங்கினன். முதல் நாளே அவ்வளவையும் பிரிட்ஜ் கதவில ஒட்டி முடிச்சிட்டான்.

மகளிட நிறை எப்பிடி எண்டு நீங்க ஒருக்காலும் சொல்லல்ல. கிளினிக் கொப்பியில கோடு மேல போகுதெண்டா மாமியையும் பிள்ளையையும் ரெண்டையும் விட்டுப்பிடியுங்க. கோடு படுத்திட்டுது, இல்ல மீனையும் சோறையும் விட்டா வேற எதக் கண்டாலும் ஓங்காளிக்குது எண்டா எங்கட கதையள விட்டிட்டு டொக்டரிட்ட காட்டுங்க.

செப்டெம்பர் 2

ஒரு விசயத்த இவ்வளவு நாளும் எழுதல்ல. வெக்கம்.

எனக்கு மரக்கறி பிடிக்காது. மனிசி சமைச்சு வைப்பா, நான் மீன் குழம்ப விட்டுப் பிசைஞ்சு, கறிய கோப்பை ஓரத்தில ஒதுக்கி, கழுவேக்க கொட்டிடுவன். இருவது வருசப் பழக்கம், எனக்கே தெரியாம நடக்கும். மகனுக்கு சமைச்ச பயித்தங்காயில ஒரு துண்டும் நான் தின்டதில்ல, அரிஞ்சது மட்டும்தான். போன கிழமை சாப்பிடேக்க பாக்கிறன், அவனிட கோப்பையிலயும் ஓரத்தில அதே இடத்தில, இடப் பக்கம், அதே மாதிரி ஒரு குவியல். நான் என்ட கோப்பையப் பாத்தன், மனிசி ரெண்டு கோப்பையையும் பாத்தா. அவ ஒண்டும் சொல்லல்ல, அதுதான் பயம்.

ஆடி அமாவாசைக்கு நான் தின்டன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப நானும் துப்புற கிண்ணம் வச்சிருக்கிறன். பகிடி இல்ல.

செப்டெம்பர் 15

மகன் இப்ப எதெல்லாம் தின்னுறான் எண்டு கணக்கு கேட்டவைக்கு: பூசணி ஓம், கரட் ஓம், முருங்கை இலை பிட்டில எண்டா ஓம், கத்தரிக்காய் அப்பம்மா உருட்டினா மட்டும். போஞ்சி இல்ல. பயித்தங்காய் இல்லவே இல்ல, எந்தக் கறியிலயும் இல்ல, நானும் ரெண்டு துண்டுக்கு மேல போகல்ல.

இண்டைக்கு சந்தையால சைக்கிள்ல வாறம், அவன் முன் சீட்டில, மடியில மரக்கறி பேக். தபால் கந்தோர் தாண்டி வரேக்க கறக் கறக் எண்டு ஒரு சத்தம், செயின் போச்செண்டு நினைச்சு நிப்பாட்டினன். செயின் இல்ல. பச்சைப் பயித்தங்காய் ஒண்டு நீளமா வாயில தொங்குது, பாதி உள்ள. கழுவவும் இல்ல.

"சமைக்காதீங்கப்பா" எண்டான்.